கிழக்குச் சுவரில் ஒரு துளை

ராயபுரம், திருப்பூர்
15.6.2008

அன்புத் தம்பி வேலுவுக்கு,

அக்கா சண்முகப்பிரியா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சௌக்கியம். அண்ணனுக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது. அண்ணி எங்கே ஒளித்து வைத்தாலும் அதிரசம் மட்டும் அவர் கண்ணுக்குத் தப்புவதில்லை. உன் உடம்பு எப்படி இருக்கிறது? ஷார்ஜா வெயிலில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று சிரிப்பாய். போன் கீழே கூடத்தில் இருக்கிறது. அதற்கு நேர் எதிரே அண்ணனின் நாற்காலி. உன் பெயரைச் சொன்னதும் அவர் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்கிறார். உன் மாமா காலமான பிறகு என்னைக் கூப்பிட்டு மாடியைக் கொடுத்தவர் அவர். அவர் காதுபட உன்னோடு சிரித்துப் பேச எனக்கு வாய் எழவில்லை.

பெரிய சேதி இதுதான். முதலிபாளையத்துக்கு அந்தப் பக்கம் நான் தலைமை ஆசிரியராக இருக்கும் தொடக்கப் பள்ளிக்கு, அண்ணன் நம் அம்மா பெயரில் புதுக் கட்டடம் கட்டிக் கொடுத்துவிட்டார்! ரோட்டைப் பார்த்த கிழக்குச் சுவர் முழுக்க ‘பழனியம்மாள் நினைவுக் கூடம்’ என்று சிமென்ட் எழுத்து. ஒவ்வோர் எழுத்தும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை உயரம். பஸ்ஸில் போகிறவர்கள் தலையை நீட்டிப் படிக்கிறார்கள். திறப்பு விழாவில் நான் அழுதுவிட்டேன். அண்ணனும் அழுதார், வேர்வை என்று சொல்லிக்கொண்டார்.

கட்டடம் அவருடைய பனியன் கம்பெனி குடோனைப் போலவே பலமாக இருக்கிறது. மேற்கே மட்டும் வாசலும், உயரத்தில் சின்னச் சின்ன ஜன்னல்களும். கண்ணாடிக்கெல்லாம் பச்சைப் பெயின்ட் அடித்துவிட்டார். சாயம் போட்ட துணியில் வெயில் பட்டால் ஓரம் வெளுத்து, வாங்குகிற வெளிநாட்டு பையர் திருப்பி அனுப்பிவிடுவான் என்பது திருப்பூரில் யாருக்குத்தான் தெரியாது? “பள்ளிக்கூடத்துக்கு எதுக்குங்கண்ணா?” என்று கேட்டேன். “துணியோ கொளந்தையோ, வெயில் படாம வெச்சாத்தான் அம்முணி நெறம் நிக்கும்” என்றார். எல்லோரும் சிரித்தோம். உள்ளே வரிசையாக டியூப் லைட், தலைக்குத் தலை ஃபேன்.

மத்தியானம் பிள்ளைகள் கொத்துக் கொத்தாகத் தூங்கி விழுகிறார்கள். புது இடத்துத் தூக்கமாக இருக்கும்.

பதில் போடு கண்ணு.

உன் நலமே நினைக்கும்,
அக்கா


ஷார்ஜா
9.7.2008

அன்புள்ள அக்காவுக்கு,

வேலு வணக்கத்துடன் எழுதுவது. நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அந்தப் பள்ளிப் படிகளில் ஏறி இறங்க முடிகிறதா?

அம்மா பெயரில் கட்டடம் என்று படித்ததும் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டேன். நான் நிற்கிற இடத்தைச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். நாங்கள் ஏசி குழாய் பொருத்துகிற கோபுரத்தின் உச்சியில் நின்றால் கடல் ஒரு பக்கம், மணல் ஒரு பக்கம். வெளியே இரும்பைத் தொட்டால் கை வெந்துவிடும். உள்ளே கம்பளி போர்த்திக்கொண்டு வேலை செய்கிறோம். நம் ராயபுரம் வீட்டளவு இருக்கும் ஒரு இயந்திரம் அடித்தளத்தில் உட்கார்ந்து அத்தனை மாடிக்கும் மூச்சு விடுகிறது. மனுஷன் எதையெல்லாம் செய்கிறான் என்று பார்த்தால் பயமாகவும் இருக்கிறது, கும்பிடவும் தோன்றுகிறது. ஆனால் அக்கா, இதில் ஒரு ஜன்னல்கூடத் திறக்காது. திறக்க வழியே இல்லாமல் அடைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். பெருமாநல்லூரில் நம் தையல் கூடத்து ஜன்னலுக்குப் பச்சைப் பெயின்ட் அடிக்க வேண்டாம் என்று சண்டை போட்டுவிட்டுக் கிளம்பியவன் நான்!

“துணிக்குக் காத்து எதுக்குடா?” என்று அன்றைக்கு அண்ணன் கேட்டார். “தைக்கறவங்களுக்குங்கண்ணா” என்றேன். அதோடு பேச்சு நின்றது. அதை விடுங்கள்.

ஒன்று கேட்கிறேன். உங்கள் வகுப்பில் ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஏதாவது திறப்பு இருக்கிறதா? பிள்ளைகள் தூங்குவது புது இடம் என்பதால்தான் என்று எனக்குத் தோன்றவில்லை.

அண்ணனுக்கு வெந்தயம் ஊறவைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

தங்கள் அன்புத் தம்பி,
வேல்குமார்


ராயபுரம்
10.8.2008

அன்புத் தம்பி வேலுவுக்கு,

நான் நலம். முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது, அவ்வப்போது கூப்பிட்டு ஞாபகப்படுத்துகிறது. அண்ணன் வெந்தயம் குடிக்கிறார், யார் சொன்னது என்று கேட்கவில்லை. உனக்கு இருமல் ஏதும் இல்லையே? வெயிலுக்கும் குளிருக்கும் மாறி மாறிப் போனால் சளி பிடிக்கும்.

நீ கேட்டாயே, எதிர்ப்பக்கம் திறப்பு இல்லை. எதிர்ப்பக்கம் அம்மா பெயர்தான் இருக்கிறது.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். இந்த வருஷம் எங்கள் பள்ளிச் சத்துணவுக் கூடத்து ஓடு பறந்தது. பாலக்காட்டுப் பக்கமிருந்து வருகிற காற்று, வாசலில் நின்றால் சேலையைப் பிடித்துக்கொள்ள இரண்டு கை போதவில்லை. ஒரு எட்டு உள்ளே வைத்தால் செத்துப்போன மாதிரி நின்றுவிடுகிறது! இலைகூட அசையாத குடோன் வெக்கை. ஜன்னலையெல்லாம் திறந்து வைத்தும் அப்படித்தான். எங்கே போகிறது இத்தனை காற்றும் என்று நான் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்து நடந்து பார்த்தேன். பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

இதில் கரண்ட்டும் போக ஆரம்பித்துவிட்டது. போனால் போனதுதான். ஃபேன் நிற்கும், லைட் போகும், பச்சை இருட்டு. போன வாரம் மூன்றாம் வகுப்பு அனிதா எழுந்து வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே இருந்தவள் அப்படியே சரிந்துவிட்டாள். மடியில் போட்டு விசிறினேன். கண்ணைத் திறந்து, “முழுசாச் சொல்லிட்டனுங்களா டீச்சர்?” என்று கேட்டாள். அவள் அம்மா பனியன் கம்பெனியில் பீஸ் மடிக்கிறாள், சேதி போய் ஓடி வந்தாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலாம்.

அண்ணனிடம் சொன்னேன். மறுநாளே ஜெனரேட்டர் இறக்கிவிட்டார். கிழக்குச் சுவருக்கு வெளியே வைத்து, சுவரில் துளை போட்டு கேபிள் விட்டார்கள். இப்போது ஃபேன் சுற்றுகிறது, சூட்டையே சுற்றிச் சுற்றிக் கொடுக்கிறது. அந்தச் சத்தத்தில் நான் திருக்குறளைச் சந்தையில் கூவுகிற மாதிரி கூவ வேண்டியிருக்கிறது.

அவர் ஆசையாகக் கொடுத்தது வேலு. அம்மாவுக்காகக் கொடுத்தது. குறை என்று எப்படிச் சொல்வேன்?

கவலையுடன்,
அக்கா


ஷார்ஜா
24.8.2008

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். சளியும் இல்லை, இருமலும் இல்லை. அந்தக் குழந்தை அனிதா எப்படி இருக்கிறாள்? முதலில் அதை எழுதுங்கள்.

பின்வாசல் இல்லாத வீட்டுக்குள் காற்று வராது அக்கா. உள்ளே ஏற்கெனவே இருக்கிற காற்று வெளியே போனால்தான் புதுக் காற்றுக்கு இடம். கூட்டமான பஸ்ஸில் இறங்க வழி இல்லாமல் ஏறச் சொன்னால் எப்படி? உங்கள் ஆடிக்காற்று வாசலில் வந்து நின்று, இடமில்லை என்று சுவரைச் சுற்றிக்கொண்டு போகிறது.

இதை நான் சொல்லி நீங்கள் நம்ப வேண்டாம். ஊரில் நூலுக்குப் பஞ்சமா? பிள்ளைகளிடம் ஆளுக்கு ஒரு முழம் கோன் நூல் கொடுங்கள். கட்டடம் முழுக்கப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். காற்று இருக்கும் இடத்தை நூல் சொல்லிவிடும்.

அண்ணனைக் கேட்காமல் செய்யக்கூடியது இரண்டு இருக்கிறது. கண்ணாடியில் பச்சையைச் சுரண்டுங்கள். பகலில் டியூப் லைட் எரிவது கரண்ட்டுக்கும் கேடு, சூட்டுக்கும் சேர்மானம். மொட்டை மாடிக்குக் கெட்டியாக வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். வெயில் வந்த வழியே திரும்பிப் போகும்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதை நான் எழுதவில்லை.

தங்கள் அன்பை மறவாத,
வேலு


ராயபுரம்
28.9.2008

என் தங்கத் தம்பிக்கு,

எல்லோரும் நலம். அனிதா முன்னைவிடத் துடுக்காக இருக்கிறாள். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் தரையில் நிற்கவில்லை. இரு, வரிசையாகச் சொல்கிறேன்.

கண்ணாடிகளை நானும் பெற்றோர் சிலருமாகச் சனிக்கிழமை சுரண்டினோம். திங்கட்கிழமை பிள்ளைகள் உள்ளே வந்தவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். ஒருவர் முகம் ஒருவருக்கு இப்போதுதான் தெரிகிற மாதிரி பார்த்துக்கொண்டார்கள். டியூப் லைட்டுகளை அணைத்தேன், யாருக்கும் அணைத்தது தெரியவில்லை. மாடிக்குச் சுண்ணாம்பு அடித்தோம். முன்பெல்லாம் மத்தியானம் மேல் தளத்தில் கால் வைக்க முடியாது. இப்போது அங்கே காக்கை உட்கார்ந்து ஆற அமரப் பேசுகிறது.

அப்புறம் நூல் பாடம். வெளியே பிடித்தால் பறந்தது. ஓடு பறந்த சத்துணவுக் கூடத்தில் ஆடியது. எங்கள் புதுக் கூடத்தில் மட்டும் எங்கே பிடித்தாலும் தொங்கியது. அந்தச் சமயத்தில், ரோட்டுக்கு எதிரே இருக்கிறவர்கள் சத்தம் தாங்கவில்லை என்று சொன்னதால், ஜெனரேட்டரை எடுத்துக் கேபிளையும் உருவிக்கொண்டு போயிருந்தார்கள். சுவரில் துளை மட்டும் இருந்தது. திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி நூலை அதன் பக்கத்தில் கொண்டுபோனாள். “ஏ டீச்சர், இங்க வாங்களேன், யாரோ இழுக்காவ!” என்று கத்தினாள்.

வேலு, நான் போய்ப் பார்த்தேன். செத்த நூல் தலை தூக்கியது. நேராக நிமிர்ந்து துளைக்குள் போய் விறைத்து நின்றது. விட்டதும் பாம்பு புற்றுக்குள் போவது போலப் போய்விட்டது! வெளியே ஓடிப் பார்த்தால் அம்மா பெயருக்குக் கீழே காற்றில் ஆடிக்கொண்டிருக்கிறது. பிள்ளைகள் வரிசை கட்டிவிட்டார்கள். அன்றைக்கு வேறு பாடமே நடக்கவில்லை. எத்தனையோ வருஷமாகக் காற்று என்று போர்டில் எழுதிப்போட்டுப் படிக்கச் சொல்லியிருக்கிறேன். அதை நான் பார்த்தது அன்றைக்குத்தான். சுவர் அத்தனை நாளும் மூச்சுக்குத் தவித்திருக்கிறது.

நீ எழுதாமல் விட்ட மூன்றாவது எது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

இனிமேல்தான் இடி. இவ்வளவு செய்தும் மத்தியான வெக்கை முழுசாகப் போகவில்லை என்று அண்ணனிடம் மெல்ல ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை. “ஏசி போட்டுரலாம் அம்முணி. எந்தக் கவர்மென்ட் ஸ்கூல்ல இருக்குது? அம்மா பேரு சொல்லோணும்” என்றார். பிறகு செய்தித்தாளைத் தூக்கிக்கொண்டார். அதற்குப் பின்னாலிருந்து, “எத்தனை டன்னு வேணும்னு அவனைக் கேட்டு எழுது. அவன்தான அந்த வேலை பாக்கறான்” என்றார்.

அவனை என்றார் வேலு. இத்தனை வருஷத்துக்குப் பிறகு முதல் தடவை. அண்ணி அடுப்படியில் கரண்டியோடு நின்றுவிட்டார்.

என்ன எழுதப் போகிறாய்?

அக்கா


ராயபுரம்
16.11.2008

தம்பி வேலுவுக்கு,

நலமா? தீபாவளிக்கும் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. செல்போனில் கூப்பிட்டால் அணைத்து வைத்திருப்பதாகச் சொல்கிறது. அண்ணன் இரண்டு தடவை “தபால் வந்துச்சா?” என்று கேட்டார். கம்பெனித் தபாலைக் கேட்கிற மாதிரி கேட்டார்.

டன் கணக்கை எழுதாவிட்டாலும் பரவாயில்லை. நீ சௌக்கியம் என்று மட்டும் எழுது.

அக்கா


ஷார்ஜா
12.12.2008

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். சௌக்கியம்தான், பயப்படாதீர்கள். அறை மாறிவிட்டேன், புது விலாசம் உறையின் பின்னால் இருக்கிறது. செல் நம்பரும் மாறுகிறது, பிறகு எழுதுகிறேன். முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கிறீர்களா?

இங்கே இப்போது வானம் நன்றாகத் தெரிகிறது. கிரேன்களெல்லாம் பாதி சுற்றியபடி நிற்கின்றன. நான் பகலில் கடற்கரை வரை நடந்துவிட்டு வருகிறேன். காற்று நன்றாக இருக்கிறது.

தாமதத்துக்குக் காரணம் உண்டு. அண்ணன் கேட்ட கணக்கைப் போட்டுவிட்டேன். போட்டுக் கிழித்தேன். அந்தக் கூடத்துக்கு எத்தனை டன் என்று எழுத எனக்கு ஒரு நிமிஷம் போதும். எழுதினால் அவர் போன் செய்வார், பிராண்ட் கேட்பார், நானும் அண்ணா என்று கூப்பிடலாம். அந்த ஆசை எனக்கு எவ்வளவு இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டாம். ஆனால் ஏசி போட்டால் முதலில் ஜன்னலை அடைப்பார்கள். கரண்ட் போனால் அது வெறும் பெட்டி. அப்போது அனிதா என்ன செய்வாள்? அடைத்து அடைத்து எனக்கே மூச்சு முட்டிவிட்டது அக்கா.

அண்ணனிடம் இதை அப்படியே சொல்லுங்கள். தேவையான டன்: ஒன்றுமில்லை. கிழக்குச் சுவரை உடைத்து, கண் கண்ணாக ஓட்டை விட்ட சிமென்ட் ஜாலி வைத்துக் கட்ட வேண்டும். ஆடியில் மேற்கிலிருந்து வருவது அதன் வழியே போகும். தையில் கிழக்கிலிருந்து வருவது அதன் வழியே வரும். அம்மா பெயரை எடுக்க வேண்டியிருக்கும்.

மறுபடியும் நான் இதைத்தான் சொல்கிறேன். மறுபடியும் அவர் பேசாமல் போகலாம். போகட்டும்.

வேலு


ராயபுரம்
25.1.2009

அன்புத் தம்பி வேலுவுக்கு,

நான் சுகம். பொங்கல் நல்லபடி போனது. நீ என்ன சாப்பிட்டாய் என்று நினைத்துக்கொண்டேதான் பானையை இறக்கினேன்.

உன் கடிதத்தை உடனே அண்ணனிடம் காட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. அம்மா திதி வரட்டும் என்று காத்திருந்தேன். வெள்ளிக்கிழமை அவர் பிள்ளைகளுக்கு லட்டு கொண்டு வந்தார். நல்ல கிழக்குக் காற்று. ரோட்டில் காரை விட்டு இறங்கி, அம்மா பெயரைப் பார்த்து நின்று கும்பிட்டார். வேட்டி படபடவென்று அடித்துக்கொண்டது, துண்டு பறந்தது. உள்ளே வந்ததும் கரண்ட் போனது. நான் ஏற்பாடு செய்ததில்லை, முருகன் மேல் ஆணை.

கொஞ்ச நேரத்தில் அவருடைய சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. “ஏனுங்கண்ணா, வெளிய அத்தனை காத்து அடிச்சுதே, எங்கீங்க போச்சு?” என்று கேட்டேன். சுற்றிலும் பார்த்தார். அனிதா அவருக்கு ஒரு நூலைக் கொடுத்தாள். “புடிச்சுப் பாருங்க தாத்தா” என்றாள். எத்தனை லட்சம் கிலோ நூல் பார்த்த கை! பிடித்தார், தொங்கியது. அவள் அவர் விரலைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் துளைக்கு முன்னால் நிறுத்தினாள். நூல் சட்டென்று அவர் பக்கம் பாய்ந்து நெஞ்சில் ஒட்டிக்கொண்டது.

அண்ணன் நூலை விட்டுவிட்டார். உள்ளங்கையைத் துளையின் மேல் வைத்தார். எடுத்தார், மறுபடியும் வைத்தார். கோயிலில் தீபத்தை ஒற்றிக்கொள்கிற மாதிரி கையை முகத்துக்குக் கொண்டுபோனார். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் அம்மா பெயர் இருக்கிறது.

அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்கக் கூடாது. பழுத்துவிட்டது என்று நினைத்துக் கல்லை எறிந்துவிட்டேன். உன் கடிதத்தை எடுத்துப் படித்தேன். அம்மா பெயரை எடுக்க வேண்டும் என்ற வரி வந்ததும் முகம் மாறிவிட்டது. “அன்னைக்கும் இதையேதான் சொன்னான். என்ற அம்மா பேரை ஒடைக்கச் சொல்லி ஷார்ஜால இருந்து எழுதறானா?” என்றார். லட்டைக்கூடத் தன் கையால் கொடுக்காமல் போய்விட்டார். அன்றிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. அண்ணியிடம் சொல்லி அண்ணி என்னிடம் சொல்கிறார். மாடிப்படி இறங்கும்போது எனக்குக் கால் கூசுகிறது.

இன்னொன்று கேட்கிறேன், மறைக்காதே. உறையில் எப்போதும் இருக்கும் உன் கம்பெனி முத்திரை இந்தத் தடவை இல்லையே, ஏன்? பகலில் கடற்கரைக்கு நடக்க உனக்கு எப்போது விடுமுறை கொடுத்தார்கள்?

பதிலுக்குக் காத்திருக்கும்,
அக்கா


ஷார்ஜா
20.2.2009

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நலமே. முழங்கால் வலிக்கு நல்லெண்ணெயைச் சூடாக்கித் தேயுங்கள். அனிதாவிடம் நான் மெச்சியதாகச் சொல்லுங்கள். அண்ணன் மேல் கோபப்படாதீர்கள். அந்தக் கையை அவர் துளையில் வைத்தார் என்பதை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். எனக்கு அது போதும்.

மற்றபடி இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை.

வேலு


ராயபுரம், திருப்பூர்
14.6.2009

தம்பி வேல்குமாருக்கு,

அண்ணன் குமாரவேல் எழுதுவது. நாங்கள் நலம். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. பையருக்கு எழுத வேண்டியதை மெர்ச்சன்டைசர் எழுதுவான், நான் கையெழுத்துப் போடுவேன். இதை நானே எழுதுகிறேன். தப்பு இருந்தால் உன் அக்கா திருத்தித் தருவதாகச் சொன்னாள், வேண்டாம் என்றுவிட்டேன்.

சித்திரையில் ஒருநாள் பெருமாநல்லூர் தையல் கூடத்தில் நின்றிருந்தேன். கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கவில்லை. பெண்கள் கட்டிங் வேஸ்ட் துணியை எடுத்து முகம் துடைத்தார்கள். நான் சுவரோரமாகப் போய் எங்காவது கேபிள் துளை இருக்கிறதா என்று தடவிக்கொண்டிருந்தேன். “என்னங் சார் தேடறீங்க?” என்று ஒரு பெண் கேட்டது. “ஒண்ணுமில்லீங்க அம்முணி” என்றேன். வீட்டுக்கு வந்து தூங்கவில்லை.

கோடை லீவில் ஆள் வைத்துக் கிழக்குச் சுவரை எடுத்தேன். அக்காவிடம் சொல்லவில்லை, பள்ளி திறந்த அன்றுதான் அவளும் பார்த்தாள். அம்மா பெயரில் உளி வைக்க மேஸ்திரி மணியன் மாட்டேன் என்றுவிட்டார். முதல் எழுத்தை நானே எடுத்தேன். நீ சொன்னபடி ஜாலி வைத்துக் கட்டியிருக்கிறது.

காற்று ஆனிக்கு முன்னாலேயே வந்துவிட்டது. நேற்று முன்தினம் போயிருந்தேன். ரோட்டிலிருந்து பார்த்தால் சுவரே தெரியவில்லை. பிள்ளைகள் ஜாலிக் கண் ஒவ்வொன்றிலும் ஒரு நூல் கட்டிவிட்டிருக்கிறார்கள். சிவப்பு, மஞ்சள், நீலம், நம் கம்பெனியில் ஓடுகிற எல்லா நிறமும். அத்தனையும் ரோட்டுப் பக்கம் பறக்கிறது, நேராக என் முகத்துக்கு. பஸ்ஸை மெதுவாக ஓட்டிக்கொண்டு போகிறார்கள். அம்மா பெயர் இருந்தபோது தலையை நீட்டிப் படித்தார்கள், இப்போது இறங்கி வந்து பார்க்கிறார்கள். நான் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். இந்தக் காற்று நாம் பிறப்பதற்கு முன்னாலிருந்து இந்த வழியாகத்தான் போகிறது. எனக்கு இது தெரியாமல் போயிற்று.

உள்ளே கரண்ட் இல்லை. அதை யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை. அந்தக் குட்டி அனிதா நான்காம் வகுப்பாம், எழுந்து பதினாறாம் வாய்ப்பாடு சொன்னது. ஒரு மூச்சில் சொன்னது.

அம்மா பெயரை எங்கே வைப்பது என்று மேஸ்திரி கேட்டார். தம்பி வந்து சொல்வான் என்றேன்.

விஷயத்துக்கு வருகிறேன். பெருமாநல்லூர்க் கூடத்தில் மேற்கு ஜன்னல்களின் பெயின்ட்டைச் சுரண்டியாகிவிட்டது. எதிர்ச்சுவரில் எங்கெங்கே உடைக்க வேண்டும், எவ்வளவு உடைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. இது கடிதத்தில் எழுதித் தீர்கிற வேலை இல்லை. உனக்கு அங்கே இப்போது வேலை எப்படி என்று உன் அக்கா ஏதோ ஊகம் வைத்திருக்கிறாள். நான் அதைக் கேட்கவில்லை.

உன் அறையில் இத்தனை வருஷமும் துணி ரோல் அடுக்கி வைத்திருந்தோம், வெயில் படாத அறை என்று. ரோலையெல்லாம் குடோனுக்கு அனுப்பியாகிவிட்டது. ஜன்னல் துருப்பிடித்திருந்தது, எண்ணெய் விட்டுத் திறந்தேன். திறந்தே இருக்கிறது.

குமாரவேல்